மூச்சுக்குக் காவல்

தேனிப் பக்கம் ஏதாவது ஒரு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றிருந்தால் இந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்கும்: “மயக்க டாக்டர் வந்துட்டாரா?”

நோயாளிக்குப் பச்சைத் துணி போர்த்தியாகிவிட்டது. ரத்தம் ஏற்பாடு செய்தாகிவிட்டது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் கை கழுவத் தயாராக நிற்கிறார். ஆனால் ஒன்றும் நடக்காது. சின்னமனூரில் ஒரு சிசேரியனை முடித்துவிட்டு, பைக்கில் ஒரு தோள்பையுடன் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். வந்ததும் யாரிடமும் அதிகம் பேசாமல் உள்ளே போகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழந்தையோ, வெட்டி எடுத்த கட்டியோ வெளியே வருகிறது. குடும்பம் முழுக்க சர்ஜனைச் சுற்றி நின்று கும்பிடுகிறது. அந்தத் தோள்பைக்காரர் அதற்குள் உத்தமபாளையம் பாதி தூரம் போயிருப்பார். அவர் பெயர் என்னவென்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “அதான், மயக்க டாக்டரு.”

கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் ஊர் டாக்டர் பெயர் இருக்கும். கைராசிக்கார டாக்டரம்மா பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த வீடுகள் உண்டு. மயக்க டாக்டர் பெயர் வைத்த ஒரு பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பெயரில்லாத தொழிலின் சரித்திரம். நம் பள்ளத்தாக்கில் அந்தத் தொழில் எப்படித் தியேட்டரை விட்டு வெளியே வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது என்பதன் சரித்திரமும்தான். அதற்குக் காரணம் ‘மருந்து’ என்ற ஒரே சொல். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

*

கதை தொடங்குவது நம் ஊரிலிருந்து வெகுதூரத்தில். 1846 அக்டோபர் 16, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகர வைத்தார், சர்ஜன் கழுத்துக் கட்டியை வெட்டினார், நோயாளி கத்தவில்லை. அதுவரை ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது. அதே காலகட்டத்தில் வங்காளத்தில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நோயாளிகளை மெஸ்மெரிசம் செய்து தூங்கவைத்துப் பெரிய கட்டிகளை அறுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் செய்தி வரவேண்டிய அந்தக் காலத்திலும் ஈதர் இந்தியாவுக்கு வர அரை வருடம்கூட ஆகவில்லை. 1847 மார்ச் 22-ல் கல்கத்தாவில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடந்துவிட்டது. அடுத்து எடின்பரோவிலிருந்து குளோரோஃபார்ம் வந்தது. ஈதரைவிட மணம் நல்லது, வேகம் அதிகம், தீப்பற்றாது. வெயில் நாட்டுக்கு அதுதான் தோது என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை எடுக்கப்போன இடத்தில், குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிஷத்தில் செத்துப்போனாள். நகம்! அதற்குப் பிறகு இப்படியான சாவுகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் நிற்பது எது, மூச்சா இதயமா? மயக்கம் கொடுப்பவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? உலகம் முழுக்க டாக்டர்கள் இதற்காக அடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டையின் பெரிய களம் நமக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற சர்ஜன், நிஜாமின் பணத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்களை நடத்தினார். இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற பெரிய மருந்தியல் அறிஞரையே வரவழைத்தார்கள். நூற்றுக்கணக்கான நாய்களும் குரங்குகளும் அந்தச் சோதனைகளில் செத்தன. லாரியின் தீர்ப்பு இதுதான்: முதலில் நிற்பது மூச்சு. நாடியில் விரலை வைத்துக்கொண்டு உட்காராதே, மூச்சைப் பார்.

லாரி முழுக்கச் சரியில்லை. குளோரோஃபார்ம் லேசாக ஏறியிருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம் என்பதை 1911-ல் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் காட்டினார். விஞ்ஞானத்தில் தோற்றாலும் லாரி ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போனார். மயக்கம் கொடுப்பவர் கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு காரியத்தைப் பார்க்கவேண்டும். ஆபரேஷனை வேடிக்கை பார்க்கக் கூடாது. ஹைதராபாத்தில் அவரிடம் படித்தவர்களில் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்ணும் ஒருவர். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயரும் நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல்தான் கிடந்தது.

ஆக, இந்தத் தொழிலின் முதல் பாடம் காவல். வயக்காட்டில் பரண்மேல் உட்கார்ந்து இரவெல்லாம் பன்றிக்குக் காவல் இருப்பவரை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் நடக்காமல் இருந்தால் அவர் வேலை செய்தார் என்று அர்த்தம். ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக யார் போய் நன்றி சொல்வார்கள்?

*

இரண்டாவது பாடம் அம்பிலிருந்து வந்தது. தென் அமெரிக்கக் காடுகளில் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் விஷம் குராரே. அது மூளையைத் தொடாது, இதயத்தையும் நேராகத் தாக்காது. நரம்பு சொல்வதைத் தசை கேட்கவிடாமல் செய்துவிடும். அடிபட்ட குரங்கு மரத்திலிருந்து தளர்ந்து விழும். மூச்சுத் தசையும் தளர்ந்துவிடுவதால் சாகும். அந்தச் சில மணி நேரத்துக்கு வேறு யாராவது அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் விஷம் இறங்கியதும் எழுந்து ஓடிவிடும்.

1942 ஜனவரி 23-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் அந்த அம்பு விஷத்தையே ஆபரேஷன் மேஜையில் பயன்படுத்தினார். வயிற்றுத் தசை பஞ்சாகத் தளர்ந்துவிட்டால் சர்ஜனுக்கு வேலை சுலபம். மயக்க மருந்தும் கொஞ்சம் போதும். அதிலிருந்து மயக்க டாக்டரின் வேலையே மாறிப்போனது. அதுவரை நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அந்த மூச்சைத் தானே நிறுத்துகிறார். தொண்டை வழியாக ட்யூப் போட்டு, கையால் பையை அமுக்கி, ஆபரேஷன் முடியும்வரை நோயாளிக்குப் பதிலாகத் தான் மூச்சு விடுகிறார். முடிந்ததும் நியோஸ்டிக்மின், அட்ரோபின் இரண்டையும் ஊசியில் ஏற்றித் தசைகளைத் திரும்ப எழுப்பிவிடுகிறார். இந்த ஜோடி மருந்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும்போது தேவைப்படும்.

பத்து வருடம் கழித்து, 1952 ஆகஸ்ட்டில், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் தினமும் டஜன் கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். மூச்சுத் தசையும் விழுங்கும் தசையும் செத்துப்போன பிள்ளைகள். முதல் மூன்று வாரத்தில் அப்படி இயந்திரத்தில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். வேறு வழியில்லாமல் வெளியிலிருந்து பியோர்ன் இப்சன் என்ற மயக்க டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அந்த ஆஸ்பத்திரி ஊழியர்கூட இல்லை. நம் தோள்பைக்காரரைப் போலவே கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவர்.

இப்சன் பார்த்தது எளிமையான விஷயம். இந்தப் பிள்ளைகளுக்கு வந்திருப்பது போலியோதான், ஆனால் ஆபரேஷன் மேஜையில் தான் தினமும் பார்க்கும் நிலைமையும் இதுவேதான். தசை தளர்ந்திருக்கிறது, மூச்சு இல்லை, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். நீலம்பாரித்திருந்த பிள்ளைக்கு நிறம் திரும்பியது. பிறகு அந்த ஊர் மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில், ஒரு நோயாளிக்கு ஒருவர் என்று உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் எழுபது கட்டில்வரை இது நடந்தது. பத்தில் ஒன்பது பேர் செத்துக்கொண்டிருந்த நோயில் பாதிக்கு மேல் பிழைக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் இப்சன் இதற்கென்றே ஒரு வார்டைத் தொடங்கினார். இன்று நாம் ஐ.சி.யூ. என்று சொல்வதற்கு அதுதான் ஆரம்பம் என்பார்கள்.

அதே டென்மார்க்கிலிருந்துதான் 1956-ல் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க டாக்டரும் ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த, தானாக உப்பிக்கொள்ளும் பை வந்தது. சிலிண்டர் இல்லாவிட்டாலும் அறைக் காற்றை வைத்தே ஒருவருக்கு மூச்சுக் கொடுக்கலாம். பெயர் அம்பு. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் எந்த ஆயாவைக் கேட்டாலும் தெரியும்: “அந்த அம்பு பேக்கை எடு.” அம்பு விஷத்திலிருந்து படித்த பாடம் கடைசியில் அம்பு என்ற பெயரிலேயே தமிழுக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். எனக்கு இருந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

இப்போது நம் ஊருக்கு வரலாம்.

கம்பம் பள்ளத்தாக்கு இன்று பச்சையாக இருப்பதற்குக் காரணம் 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது. கூடலூரிலிருந்து தேனிவரை இருபோக நெல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். மேலே ஏலக்காய். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதையிலும் விடிகாலையில் ஜீப்கள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாயத் திரும்பும். ஏலக்காய்க்குப் போடியில் ஏல மையமே இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

திராட்சையும் ஏலக்காயும் சீக்கு விழுந்தால் ஒரே வாரத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும் பயிர்கள். வருடம் முழுக்கச் சுற்றுச் சுற்றாகத் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்படித் தெளிப்பதை எங்கள் பக்கம் யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை. “மருந்து அடிக்கணும்” என்போம். விற்கிற கடை மருந்துக் கடை. தோட்டத்துக்குப் போனவர் “மருந்தடிச்சிட்டு வாரேன்” என்பார். ஊரில் ஒரு வீட்டுமுன் திடீரென்று கூட்டம் கூடினால் ஒருவர் காதில் ஒருவர் சொல்வதும் அதே சொல்தான்: “மருந்தக் குடிச்சிட்டானாம்.”

ஒரே சொல். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பந்தலுக்கு அடிப்பதும் மருந்து, ஒருவன் தன்னை முடித்துக்கொள்ள நினைத்த அந்த அரைமணி நேரத்தில் வீட்டு மூலையில் கைக்கு எட்டுவதும் மருந்து. பசுமைப் புரட்சிக்குப் பிறகு உழவு நடக்கும் எல்லா ஊர்களிலும் இதே கதைதான். அந்த மூலையில் அந்தப் பாட்டில் இருப்பதுதான் பெரும் வித்தியாசம். பலருக்கு அந்த நினைப்பு வந்த வேகத்தில் போய்விடும். பாட்டில் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் என்ன செய்கின்றன? நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தூது விடுகிறது. செய்தி சேர்ந்ததும் அந்தத் தூதனை உடனே அழிக்க ஒரு நொதி உண்டு. பூச்சிக்கொல்லி அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தூதுவர்கள் குவிகிறார்கள், உடம்பெங்கும் நீர் சுரக்கிறது, நுரையீரல் சளியில் மூழ்குகிறது, தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகின்றன.

இங்கேதான் அந்த ஜோடி மருந்து வருகிறது. ஆபரேஷன் முடிந்ததும் மயக்க டாக்டர் போடுகிற நியோஸ்டிக்மின் கட்டிப்போடுவதும் இதே நொதியைத்தான். அளவாக, கொஞ்ச நேரத்துக்கு. அதனால் வரும் சளியையும் இதயத் தளர்ச்சியையும் அடக்கத்தான் கூடவே அட்ரோபின். விஷ வார்டில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிற அதே அட்ரோபின். அதாவது, மருந்து குடித்து வந்த ஆளின் உடம்பில் நடப்பது, மயக்க டாக்டர் தினமும் மத்தியானம் தன் கையால் சின்ன அளவில் செய்கிற ஒன்றின் கட்டுக்கடங்காத வடிவம். மற்ற டாக்டர்களுக்கு இது ஒரு விஷ கேஸ். அவருக்கு இது பழகின பாதை. எங்கே போய் முடியும் என்று தெரிந்த பாதை. தசை ஓய்ந்துபோனால் மூச்சை நாம் விடவேண்டும், எத்தனை நாளானாலும்.

*

எத்தனை நாள் என்பதை மருத்துவ உலகுக்குச் சொன்னவர்கள் இலங்கைக்காரர்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மருந்து குடித்தவனைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே சந்தோஷப்பட மாட்டார்கள். “மூணு நாள் போகட்டும்ப்பா” என்பார்கள். ஏனென்றால் பலமுறை பார்த்திருக்கிறார்கள். “நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான், கஞ்சிகூடக் குடிச்சான், பொசுக்குன்னு போயிட்டான்.” இதற்கு டாக்டர்களிடம் பதில் இல்லை. நெஞ்சு அடைத்துவிட்டது என்றோ, விதி என்றோ முடித்துக்கொள்வார்கள்.

1987 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற இருவர். முதலாமவர் நரம்பியல்காரர். இரண்டாமவர் மயக்கவியல் பேராசிரியர். பத்து நோயாளிகளை வைத்து அவர்கள் சொன்னது இதுதான். முதல் நாள் விஷத்தின் ஆட்டம் அடங்கி, நோயாளி தெளிந்த பிறகு, 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள் இன்னொரு ஆபத்து வருகிறது. கழுத்து தளர்கிறது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. தோள், இடுப்புத் தசைகள் தளர்கின்றன. பிறகு மூச்சு. இதற்கு அட்ரோபின் உதவாது. மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தால், நாட்கள் கழித்துத் தசைகள் தாமாகத் திரும்பிவிடும். அவர்கள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘இடைநிலைத் தளர்ச்சி’ என்று சொல்லலாம்.

மூணு நாள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. விதி என்று சொன்னதுதான் தப்பு.

இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு மயக்க டாக்டர் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. “தலையைத் தூக்கி அஞ்சு செகண்டு பிடிங்க” என்பது ஆபரேஷன் முடிந்து நோயாளியை எழுப்பும்போது மயக்க டாக்டர்கள் தினமும் கேட்கிற கேள்வி. தசை திரும்பிவிட்டதா என்று பார்க்கிற சோதனை அது. தியேட்டரில் திரும்புகிறதா என்று பார்க்கப் பயன்பட்ட கேள்வி, விஷ வார்டில் போகிறதா என்று பார்க்கப் பயன்பட்டது. இன்று நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ரவுண்ட்ஸ் வருகிற பயிற்சி டாக்டர்கூட, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளியிடம், “அண்ணே, தலையத் தூக்குங்க பாப்போம்” என்று கேட்பது அந்த மூன்று பக்கத்தின் புண்ணியம்.

*

தெரிந்தால் மட்டும் போதாது. மூச்சுக் கொடுக்க இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும்.

தேனி தனி மாவட்டமானது 1996-ல். அதற்கு முன் எல்லாம் மதுரைதான். பள்ளத்தாக்கின் எந்த மூலையில் மருந்து குடித்தாலும், பாம்பு கடித்தாலும், ஜீப் உருண்டாலும், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி வழியாக, வாடகைக் காரில் மதுரைக்கு ஓடவேண்டும். தேனியிலிருந்தே 75 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து இன்னும் 40 கூட. ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் பிணம் கொண்டுவர மட்டும். கணவாயில் உயிர் போனவர்களின் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் மருந்து குடித்தார். ஏன் என்பதை அவர் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை, யாரும் கேட்பதுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “காபி குடு” என்றார். மூன்றாம் நாள் சாயந்திரம் கழுத்து தொங்கிவிட்டது. வார்டில் இருந்த வென்டிலேட்டர்கள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. மயக்க டாக்டர் ஒருவர் வந்து ட்யூப் போட்டு, அம்பு பேக்கை மாட்டிவிட்டு, கூட இருந்த என் சித்தப்பாவின் கையில் அதைக் கொடுத்தார். சித்தப்பா பத்தாம் வகுப்பு. கை நடுங்கியதாம்.

“பயப்படாதீங்கண்ணே. நீங்க எப்ப மூச்சு இழுக்கிறீங்களோ அப்ப அமுக்குங்க. நீங்க விடும்போது விட்ருங்க. அவ்ளோதான்.”

இரண்டு இரவு, ஒன்றரைப் பகல். சித்தப்பாவும், அவர் மச்சானும், பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன் ஒருவனும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். கோபன்ஹேகனில் மாணவர்கள் செய்ததை இங்கே சொந்தக்காரர்கள் செய்தார்கள், கோபன்ஹேகன் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாமல். அந்த டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் வந்து பார்த்தாராம். சித்தப்பா கண் அசந்தபோது ஒருமுறை அவரே வாங்கி அரைமணி நேரம் அமுக்கினாராம். பிறகு ஒரு வென்டிலேட்டர் காலியானது. எப்படிக் காலியானது என்று சித்தப்பா சொல்வதில்லை.

அண்ணன் பிழைத்தார். பேரன் எடுத்துவிட்டார். அந்த டாக்டர் பெயர் என்ன என்று சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார். “கண்ணாடி போட்டிருப்பாரு, செவத்த ஆளு” என்றார்.

*

இரண்டாயிரங்களில் நிலைமை மாறியது. தேனிக்குக் கிழக்கே கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது. மருத்துவக் கல்லூரி என்றால் மயக்கவியல் துறை இருந்தாக வேண்டும்; துறை இருந்தால் ஷிப்டில் எந்நேரமும் ஒருவர் இருந்தாக வேண்டும். பைக்கில் வருகிறவருக்காகக் காத்திருந்த பள்ளத்தாக்குக்கு அது பெரிய விஷயம். சிசேரியன் செய்ய ஆள் இருந்தும் மயக்கம் கொடுக்க ஆள் இல்லாமல் தாய்மார்கள் செத்ததால்தான், எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. மயக்க டாக்டர் பற்றாக்குறை அவ்வளவு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவரின் பாதையையும் சொல்லிவிடலாம். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் எம்.டி. மயக்கவியல், அல்லது இரண்டு வருட டிப்ளமோ. அதற்கு மேல் தீவிர சிகிச்சையைத் தனியாகப் படிக்கிறவர்கள் இப்போது அதிகம். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் தொடங்கியது 1993-ல்; மயக்கவியல்காரர்களின் சங்கம் 1947-லேயே இருக்கிறது. இடையில் உள்ள அந்த 46 வருடத்தில் மயக்க டாக்டர்கள்தான் பெரும்பாலான இடங்களில் அந்த வேலையையும் பெயரில்லாமல் பார்த்தார்கள். பல மாவட்டங்களில் இன்றும் அப்படித்தான்.

2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அடிவாரத்துக்குத் தூக்கிவரப்பட்டவர்கள் போடிக்கும் தேனிக்கும் வந்து, அங்கிருந்து மதுரைக்கும் வெளியூர்களுக்கும் போனார்கள். அந்த ராத்திரி டிவியில் நாம் ஹெலிகாப்டரைத்தான் பார்த்தோம். முகமும் தொண்டையும் வெந்தவருக்கு, வீங்கி அடைத்துக்கொள்வதற்கு முன் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டாகவேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் வழியே கிடைக்காது. தீ விபத்து நடந்த எந்த ஊரிலும் அந்த வேலை மயக்க டாக்டருடையது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டால் நமக்கு ஞாபகம் இல்லை.

பிறகு கொரோனா. லாரி நாடியில் வைக்காதே என்று சொன்ன விரலில் எல்லோரும் ஆக்சிமீட்டர் கிளிப்பை மாட்டிக்கொண்டோம். எங்கள் அப்பத்தா காலையில் பல் விளக்கும் முன் “தொண்ணூத்தாறு இருக்கு” என்று அறிவித்தது. நூறு வருடமாக ஒரு ஆள் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, உதட்டு நிறத்தை வைத்துச் சொன்னதை ஒரு சின்னப் பெட்டி சொல்ல ஆரம்பித்ததும்தான், மூச்சுக்குக் காவல் தேவை என்பதே பலருக்குத் தெரிந்தது.

*

இந்தக் கதையை வென்டிலேட்டர் வந்தது, ஐ.சி.யூ. வந்தது, எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் அது உண்மை இல்லை.

இடைநிலைத் தளர்ச்சியைக் கண்டுபிடித்த அதே இலங்கைதான் அடுத்த பாடத்தையும் சொன்னது. 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்று இருந்தது அங்கே தற்கொலை விகிதம். உலகிலேயே மோசமான கணக்குகளில் ஒன்று. அந்த வருடம் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளில் மிச்சமிருந்தவற்றுக்குத் தடை போட்டார்கள், 1998-ல் எண்டோசல்ஃபானுக்கும். 2005-ல் விகிதம் 24. ஏறக்குறைய பாதி. சனங்களின் துக்கம் பாதியாகக் குறைந்துவிடவில்லை, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விளைச்சலும் குறையவில்லை. மூலையில் இருந்த பாட்டில் மாறியது, அவ்வளவுதான். எந்த ஐ.சி.யூ.வும் பத்து வருடத்தில் இத்தனை பேரைக் காப்பாற்றியதில்லை.

நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2011-ல் பல கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. இந்தப் பக்கம் தமிழ்நாடு 2023 வாக்கில் எலி பேஸ்ட்டை நிரந்தரமாகவும் ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாளைக்கும் தடை செய்தது. அறுபது நாள்! ஜீப்கள் தினமும் ஏறி இறங்குகிற மலையில் சட்டம் மட்டும் பாதியில் நிற்கிறது.

தீவிர சிகிச்சையில் இருக்கும் ஒரு மயக்க டாக்டரிடம் இதைப் பேசிப் பாருங்கள். வென்டிலேட்டர் இன்னும் பத்து வேண்டும் என்றுதான் முதலில் சொல்வார். கொஞ்சம் நேரம் விட்டால், அந்தப் பாட்டில் வீட்டில் இல்லாமல் இருந்தால் எனக்கு இங்கே வேலையே இல்லை என்பார். தன் வேலை குறையவேண்டும் என்று ஆசைப்படுகிற தொழில்கள் எத்தனை இருக்கும்?

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த மூலை கண்ணில் படுகிற ராத்திரிகள் இருந்தால், 104-க்கோ 14416-க்கோ கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் மருந்துப் பாட்டில் இருந்தால் தோட்டத்து மோட்டார் ரூமில் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவைக்கலாம். அதுவும் ஒரு காவல்தான்.

சித்தப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. தூக்கம் வராத இரவுகளில் திண்ணையில் படுத்திருப்பார். சில சமயம் வலது கை தானாக மூடித் திறக்கும். “என்ன சித்தப்பா?” என்றால், “ஒண்ணுமில்லப்பா, அந்த ஞாபகம்” என்பார். இழுக்கும்போது அமுக்கணும். விடும்போது விட்டுறணும். அவருக்கு மருத்துவம் என்றால் இன்றைக்கும் அவ்வளவுதான்.